பத்து விநாடிக் கோடு

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். ஏசி ஓடும் கண்டெய்னர் அறை, சுற்றுகிற நாற்காலி, மேசையில் காற்றளக்கும் கம்ப்யூட்டர், ஜன்னலுக்கு வெளியே என் கிரேன். அதில் இப்போது வேறு எவனோ உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் காலையில் வாக்கி டாக்கியில் காற்றின் வேகம் சொல்கிறாயா? சொல்லு, சொல்லு.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். விபத்துக்குப் பிறகு போனைக் காதில் வைக்கவே என்னால் முடிவதில்லை. தவிர, போனில் பேசினால் நாளைக்கு "நான் எப்போ அப்படிச் சொன்னேன்" என்பாய். அதனால்தான் கடிதம். பதிலும் எழுத்தில் வரட்டும்.

கண்ணாடிக் குடிலில் பூச்செடி வளர்க்கும் ஒரு நர்சரியில் இருக்கிறேன். நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கட்டடத்துக்கு இரும்பும் பலகையும் தூக்கிக் கொடுத்தவள், இங்கே தொட்டிக்கு இரண்டு கை மண் அள்ளிப் போடுகிறேன். போன வாரம் முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "கம்ப்யூட்டர்ல ஏதாவது தெரியுமா உனக்கு? அன்னைக்குக் காத்துல மூணு கண்ணாடி உடைஞ்சுது. இதுல பார்த்தா கோடு படுத்துத் தூங்குது. கருவி பழுதா?"

பார்த்தால், உன் மேசையில் ஓடுகிற அதே மென்பொருள்! அதே நீலக் கோடு, அதே பல்சக்கரப் படம். அதை அழுத்தினேன். எத்தனை நேரத்துக்கு ஒரு புள்ளி என்று ஒரு கட்டம். அதில் 'ஒரு மணி நேரச் சராசரி' என்று இருந்தது. அதைப் 'பத்து விநாடி' என்று மாற்றினேன். தூங்கிக்கொண்டிருந்த கோடு எழுந்து உட்கார்ந்தது. கீழே 'உச்சக் காற்று' என்று இன்னொரு கட்டம், டிக் இல்லாமல் கிடந்தது. டிக் போட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு கூரை வரைக்கும் போயிற்று. முதலாளியம்மா "அடேயப்பா, இதெல்லாம் இவ்வளவு நாளா உள்ளேயா இருந்துச்சு?" என்றார்.

எனக்கு விசாரணை நாள்தான் கண்முன் வந்தது. பெரிய திரையில் நீ போட்டுக் காட்டிய கிராஃப். தட்டையாக ஒரு நீலக் கோடு. விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, "காத்து எங்கம்மா அடிச்சுது? உனக்கு மட்டும் தனியா வந்து அடிச்சுதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு அடித்த காற்று என் இடது கையுறையை உருவிக்கொண்டு போனது சின்னவளே. அந்தக் காற்றில்தான் என் கொக்கியில் தொங்கிய, கான்கிரீட் வார்க்க அடைப்பாக வைக்கும் ஷட்டரிங் தகடு சுழன்றது. கீழே நின்று எனக்குக் கை காட்டுகிற ரிக்கர் அண்ணனின் இடுப்பில் அடித்தது. அவர் இன்று கோல் ஊன்றி நடக்கிறார். 'சைகையில் குழப்பம்' என்று பாதிப் பழியை அவர் தலையில் கட்டினார்கள். 'கவனக் குறைவு' என்று மீதியை என் தலையில் கட்டி, லைசென்ஸை இரண்டு வருடத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒரே கேள்வி. அன்று அந்தக் கிராஃபை அப்படி வைத்தது யார்? பதில் வரும்வரை வாரம் ஒரு கடிதம் வரும். நீ செய்தாய் என்று தெரிந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

பெரியவள்


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

ஆறு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பெரியவ என்னடி எழுதியிருக்கா? சாப்பிடுறாளாமா?" என்றாள். நன்றாகச் சாப்பிடுகிறாளாம், நம்மையெல்லாம் விசாரித்தாளாம் என்று புளுகினேன். உனக்காகப் புளுகுவது எனக்குப் பழகிவிட்டது.

கேட்டதற்குப் பதில். கிராஃபை வைத்தது நான். பாதுகாப்புப் பிரிவில் காற்றுக் கணக்குக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தினசரி அறிக்கை எப்போதும் மணிச் சராசரிதான். அதிகாரி "அன்னைக்கு உள்ள காத்து அறிக்கை குடும்மா" என்றார். கொடுத்தேன். அவ்வளவுதான்.

இரண்டு கட்டத்தில் டிக் போடத் தெரிந்துகொண்டதும் உனக்குத் தலைகால் புரியவில்லை போலிருக்கிறது. வாழ்த்துகள். அந்த முதலாளியம்மாவுக்கு மழைக் கணக்கையும் சொல்லிக் கொடு.

அக்கா, நிஜமாகவே சொல்கிறேன். இதைக் கிளறாதே. இரண்டு வருடத்தில் ஆறு மாதம் ஓடிவிட்டது. மிச்சத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு. லைசென்ஸ் திரும்ப வரும், வேறு ஊரில் வேறு கிரேன் கிடைக்கும். போட்டது போட்டபடி இருக்கட்டும்.

உன் கடிதத்தில் என் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையும் கவனித்தேன்.

சின்னவள்


பிப்ரவரி 26

சின்னவளுக்கு,

கிளறாதே என்றா சொல்கிறாய்? நீ அப்படி எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். எழுதினாய் பார், அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

தினசரி அறிக்கை எப்போதும் மணிச் சராசரியாம்! யாரிடம் காது குத்துகிறாய்? மூன்று வருடம் உன் அறையில் உட்கார்ந்துதானே மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்? உன் திரையில் ஆரஞ்சுக் கோடு இல்லாத ஒரு நாளை நான் பார்த்ததில்லை. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பாய். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நீயே சொல்லுவாய்: "இந்த ஆரஞ்சு அந்தச் சிவப்பைத் தொட்டுச்சுன்னா, நீ என்ன கத்தினாலும் உன்னைக் கீழ இறக்கிடுவேன்." விசாரணையில் அந்த ஆரஞ்சு எங்கே போனது?

இன்னொன்று. இடது பக்கத்து அளவு. கோடு எவ்வளவு உயரமோ அதற்கேற்ப அது தானாகச் சுருங்கி விரியும். அன்று மட்டும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை இருந்தது. அதனால்தான் உன் நீலக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நேற்று இங்கே நானே அப்படி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். கை தவறினால் ஒன்று மாறும். மூன்றும் மாறுமா?

நீ ஏன் செய்தாய் என்று நான் சொல்லட்டுமா? உன் கல்யாணம் நின்றதற்கு. மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கடைத்தெருவில் நிறுத்திவைத்து, "உன் தங்கச்சிக்குச் சின்ன வயசுல ஏதாவது சீக்கு உண்டா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். ஏழு வயதிலிருந்து பதினொரு வயது வரை வலிப்பு வந்தது, இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றேன். பொய்யா சொன்னேன்? மறைத்துக் கட்டிவைத்து, மூன்றாம் மாதம் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு உன்னை அனுப்பி வைத்தால் யார் தாங்குவது? உன் நல்லதுக்குச் சொன்னேன். அதற்கு நீ என் பிழைப்பில் மண்ணைப் போட்டாய்.

மறுவிசாரணைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து விநாடிக் கணக்கில், உச்சக் காற்றோடு, விபத்து நடந்த மதியத்தை மட்டும் திரையில் மறுபடி காட்ட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அன்று எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தத் தடவை உன் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஆண்பிள்ளை மாதிரி மரம் ஏறினவள் நான், பயந்து பின்னால் ஒளிந்தவள் நீ. ஒரு தடவையாவது தைரியமாக எழுது, நான்தான் செய்தேன் என்று.

பெரியவள்


மார்ச் 6

அக்காவுக்கு,

எழுதுகிறேன். நன்றாகக் கண்ணைத் திறந்து படி.

நான்தான் செய்தேன். விசாரணைக்கு முந்தின நாள் மதியம், கதவைச் சாத்திக்கொண்டு. ஆரஞ்சுக் கோட்டின் டிக்கை எடுத்தேன். பத்து விநாடியை ஒரு மணி நேரமாக்கினேன். அதற்கு அப்புறமும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அதுவும் கண்ணை உறுத்தியது. அதனால் இடது பக்கத்து அளவை நூறுக்கு நிறுத்தி வைத்தேன். சேமி என்று அழுத்தினேன். தண்ணீர் குடித்தேன். வேலை முடிந்தது. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. காட்டும் விதத்தை மட்டும் மாற்றினேன்.

போதுமா? ஏன் செய்தேன் என்று நீயே சொல்லிவிட்டாய். பழி வாங்க. அப்படியே வைத்துக்கொள். உனக்கு அது இனிக்கிறது என்றால் நான் ஏன் தடுக்க வேண்டும்?

ஆனால் கல்யாணத்தைப் பற்றி நீ எழுதியதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விடமாட்டேன். உன் நல்லதுக்கு, உன் நல்லதுக்கு என்று சொல்லிச் சொல்லியே என் கழுத்தை அறுத்தவள் நீ. நான் எதையும் மறைக்கவில்லை அக்கா. இரண்டாவது தடவை சந்தித்தபோதே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரை டப்பாவைக்கூடக் காட்டினேன். அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "இது இல்லாம எனக்கு பஸ் நம்பர் தெரியாது. அது இல்லாம உனக்கு முடியாது. சரியாப் போச்சு" என்றார். அம்மாவிடம் மெதுவாக நானே சொல்கிறேன் என்றார். ஒரு மாதம் டைம் கேட்டார்.

நீ அந்த ஒரு மாதத்தைக் கடைத்தெருவில் வைத்து முடித்துவிட்டாய். அவர் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "சீக்கு கூடப் பரவாயில்ல. கல்யாணத்துக்கு முன்னாடியே எம் பையனை எங்கிட்ட மறைக்க வெச்சுட்டாளே, அவ நமக்கு வேண்டாம்." அவ்வளவுதான். ஒரு குறுஞ்செய்தியில் முடிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாமே? ஒரே வீடு, பக்கத்துப் பாய். கேட்க உனக்கு என்ன வலித்தது?

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை. இருந்தாலும் கடைசியாக ஒரு தடவை சொல்கிறேன். மனு கொடுக்காதே. என் வேலை போகும் என்று பயந்து சொல்லவில்லை.

சின்னவள்


மார்ச் 19

சின்னவளுக்கு,

கொடுத்தாகிவிட்டது. உன் கடிதத்தின் நகலையும் சேர்த்து. 'சேமி என்று அழுத்தினேன், தண்ணீர் குடித்தேன்' என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டு மனு வாங்கிய குமாஸ்தாவே "உங்க தங்கச்சியா இது?" என்று கேட்டார். ஆமாம், கூடப் பிறந்தவள்தான் என்றேன்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, காலை பத்தரை. அதே அறை, அதே திரை. உனக்கு அழைப்பு வந்திருக்கும். அதிகாரிகள் கண்முன்னே கம்ப்யூட்டரை நீதான் இயக்கிக் காட்ட வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்றைக்கு நாற்பது தொட்டி அதிகமாக நிரப்பினேன். என்னை முட்டாளாக்கிய அதே விரலால் நீயே அதைத் திறந்து காட்டப் போகிறாய்!

கல்யாணக் கதையைப் படித்தேன். அவரிடம் நீ சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு இரண்டு வருடம் சோற்றைப் பிடுங்குவாயா? நான் உன் வாழ்க்கையில் ஒரு மாப்பிள்ளையைக் கெடுத்தேன் என்றே வைத்துக்கொள். நீ என் கையைக் காலை முறித்துப் போட்டாய். அந்தக் கிரேன் லீவர் இல்லாமல் என் கை என்ன கை? ராத்திரி தூக்கத்தில்கூட இரண்டு கையும் முன்னால் நீண்டு எதையோ பிடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ரிக்கர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரு சாட்சி வேண்டுமே. நாற்காலியை எடுத்துப் போடக்கூட அவரால் குனிய முடியவில்லை, நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். காற்று எப்படி அடித்தது, சொல்லுங்கள் என்றேன். "காத்தா? காத்து ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. நான் நிறுத்துன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. குழப்பமாக் காட்டினேன்னு எழுதிட்டாங்க. இருபத்திரெண்டு வருஷமாக் காட்டுற கை. அதான் வலிக்குது, இடுப்பு கூடப் பரவாயில்ல" என்றார். அடிபட்ட அதிர்ச்சியில் காற்றை மறந்துவிட்டார் பாவம். ஏப்ரல் பதினொன்றாம் தேதி வாங்க அண்ணே, உங்கள் பெயரும் சுத்தமாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிறேன் என்றார்.

எல்லாரும் வருகிறார்கள். நீயும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா.

பெரியவள்


மார்ச் 27

அக்காவுக்கு,

இந்த உறையில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் பிரிக்கும் முன் இதைப் படி. அல்லது பிரித்துவிட்டே படி. இனிமேல் எனக்கு என்ன?

நீ கேட்ட கிராஃப்தான். ஆகஸ்ட் பத்தொன்பது, மூன்றரையிலிருந்து நான்கு மணி வரை. பத்து விநாடிக்கு ஒரு புள்ளி. உச்சக் காற்று டிக் போட்டிருக்கிறேன். இடது பக்கத்து அளவும் தானாக விரிந்திருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வைத்திருக்கிறேன். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது பார். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். உன் காற்று. நீ பொய் சொல்லவில்லை, அது அடித்தது.

இப்போது அதற்குக் கீழே நேரத்தைப் பார். மூன்று நாற்பத்தாறு.

அக்கா, தகடு ரிக்கர் அண்ணனை அடித்தது மூன்று முப்பத்தொன்பதுக்கு. அந்த இடத்தில் விரலை வை. ஒன்பது கிலோமீட்டர். ஈரத் துணிகூட ஆடாது.

எனக்கு எப்படி அவ்வளவு சரியாக நேரம் தெரியும் என்று கேள். கேட்க மாட்டாய். இத்தனை கடிதத்தில் நீ எழுதாமல் விட்டது அது ஒன்றுதானே. மாப்பிள்ளையின் குறுஞ்செய்தி வந்த அந்த மதியம், மூன்று முப்பத்தொன்றுக்கு நீ என் போனை எடுத்தாய். கேபினுக்குள் போனே கொண்டுபோகக் கூடாது, நீ பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாய். எட்டு நிமிடம் நாம் இரண்டு பேரும் கத்தினோம். "உன்னை எவன் கட்டுவான்னு நானும் பாக்கிறேன்டி" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் டமார் என்றது. அதன் பிறகு அவர் போட்ட சத்தம். அதையும் நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

ரிக்கர் அண்ணனுக்கு ஞாபகம் தப்பவில்லை. அவர் நிறுத்து என்று காட்டினார். நீ பார்க்கவில்லை.

உன் கையுறையை யோசித்துப் பார். கேபினில் நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்திருப்பவள் கையிலிருந்து காற்று எப்படிக் கையுறையை உருவும்? அது ஏணியில் உருவியது அக்கா. அவர் விழுந்ததைப் பார்த்துப் பதறிக்கொண்டு நீ இறங்கினாயே, அப்போது. பாதி ஏணியில் நீ கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் ஜன்னலில் பார்த்தேன். உன் கையுறை பறந்து போனதையும் பார்த்தேன். அந்தக் காற்றைத்தான் ஏழு நிமிடம் முன்னால் தள்ளி, கேபினுக்குள் வைத்துக்கொண்டுவிட்டாய். நீ வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்லவில்லை.

விசாரணையில் நீ எழுந்து நின்று "காத்துதான் சார் தூக்கிடுச்சு" என்று சொல்லப் போகிறாய் என்று எனக்கு முந்தின நாளே தெரியும். இந்தக் கிராஃப் திரையில் வந்தால் அடுத்த கேள்வி என்ன? காற்று இல்லை, அப்போ நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்? அதற்கடுத்து போன் கணக்கு. லைசென்ஸ் ஜென்மத்துக்கும் போகும், வழக்கும் வரும். மணிச் சராசரியில் வைத்தால் நீ சொன்னது பொய் என்றும் நிரூபிக்க முடியாது, மெய் என்றும் நிரூபிக்க முடியாது. 'போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதி, இரண்டு வருடத்தோடு விட்டார்கள். என் கல்யாணத்தைக் கெடுத்தவளுக்காக நான் செய்தது இது. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளறாதே என்றேன். மனு கொடுக்காதே என்றேன். நீ என் கடிதத்தை எடுத்துப்போய் குமாஸ்தாவிடம் கொடுத்துச் சிரித்தாய். இனி எனக்கும் ஈவு இரக்கம் கிடையாது. விசாரணைக்கு மூன்று நாள் முன்புவரை மனுவைத் திரும்பப் பெறலாம். பெறாவிட்டால், நீ கேட்டதை நீ கேட்டபடியே வைப்பேன். பத்து விநாடி. ஆரஞ்சுக் கோடு. முன்வரிசையில் உட்கார்ந்து பார்.

சின்னவள்


ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

தாளைப் பிரித்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் கிழித்துப் போட்டேன். மறுநாள் பசை தேய்த்து ஒட்டினேன். அதற்கு மறுநாள் ஒரு ஏணியை எடுத்து குடிலின் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து, மேலே ஏறி நின்றேன். நல்ல காற்று. முதலாளியம்மா "அங்க என்னம்மா பண்ற, இறங்கு" என்று கத்தினார். இடது கையால் கம்பியைப் பிடித்தபோது ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு உள்ளே இல்லை. வெளியேதான். வயிற்றோடு கம்பியை அணைத்துக்கொண்டு, கீழே அவர் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு. கையுறை அப்போதுதான் போனது.

அவருடைய இரண்டு கையும்கூட ஞாபகம் வருகிறது. விரித்த கை. நான் பார்த்தேன் சின்னவளே. பார்த்துவிட்டு, உன்னிடம் சொல்ல வந்ததை முதலில் சொல்லி முடித்தேன்.

இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைக்காதே. உனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்காக மறைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதை அப்படியே நம்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. போன் கணக்கை எடுத்தால் நான் எடுத்த அழைப்பு மட்டுமா தெரியும்? அதற்கு முன்னால் நான் எடுக்காமல் விட்ட பதினொன்றும் தெரியுமே! மூன்று மணியிலிருந்து நீ அடித்துக்கொண்டே இருந்தாய். உன் ஜன்னலுக்கு நேரே என் கேபின். கொக்கியில் சுமை தொங்குவது உன் நாற்காலியிலிருந்தே தெரியும். சுமை தொங்கும்போது ஓட்டுகிறவளைக் கூப்பிடக் கூடாது என்று எழுதி உன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியதே நீதான். தெரிந்துதான் பன்னிரண்டாவது தடவையும் அடித்தாய். நீ நூறு வரைக்கும் இழுத்து வைத்த அளவுக்குள் தட்டையாகிப் போனது என் குற்றம் மட்டும் இல்லை. என்னைக் காப்பாற்றினாயாம்! உன்னையும் சேர்த்துத்தானே காப்பாற்றிக்கொண்டாய்?

நானும் உன்னை மாதிரிதான். உன் நல்லதுக்கு என்று கடைத்தெருவில் சொன்னேன். அது முழுப் பொய். நீ கல்யாணமாகிப் போய்விட்டால் அம்மாவை நான் ஒருத்தி எப்படிப் பார்ப்பேன், கிரேனை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியிருக்குமே என்று பயந்தேன். அந்த அம்மாள் கேட்டதும் நாக்கு தானாக அவிழ்ந்தது. சொல்லி முடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இவ்வளவு நாள் எவரிடமும் சொன்னதில்லை.

நாம் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறிக்கொண்டோம். நடுவில் அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? இருபத்திரெண்டு வருடம் சரியாகக் காட்டிய கை. அதைத் தப்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். உன் கோடு எழுத வைத்தது, என் வாய் எழுத வைத்தது. ஏப்ரல் பதினொன்றுக்கு வாங்க அண்ணே, உங்கள் பெயர் சுத்தமாகும் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருப்பார்.

மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன்.

கிராஃபை நீ அனுப்பியபடியே வை. பத்து விநாடி. ஆரஞ்சுக் கோடு இருக்கட்டும். இடது பக்கத்து அளவைத் தொடாதே. ஆனால் நேரத்தை மட்டும் மாற்று. மூன்றரையிலிருந்து இல்லை, மூன்று மணியிலிருந்து காட்டு. நீ முதல் தடவை அடித்த நேரத்திலிருந்து. பக்கத்தில் உன் போனைத் திறந்து வை.

மூன்று முப்பத்தொன்பது வந்ததும் நிறுத்து. நான் எழுந்து நிற்பேன். அவர் நிறுத்து என்று காட்டினார், நான் பார்த்தும் நிறுத்தவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கிரேன் போகும். போகட்டும். நான் உட்கார்ந்ததும் நீ எழுந்திரு. பன்னிரண்டு தடவை என்று நீயே உன் வாயால் சொல். சொல்லாவிட்டால் நான் சொல்வேன், எனக்கும் ஈவு இரக்கம் கிடையாது.

அன்றைக்குக் கீபோர்டைப் பார்க்காதே.

பெரியவள்